சாதியை எதிர்க்க மரபணு சாட்சி வேண்டாம்



கராமாவில் ‘கேரியர்’ என்றால் சாப்பாடு. மெஸ்ஸிலிருந்து மதியம் எங்கள் பில்டிங் படிக்கட்டில் ஏறி வரும் நாலடுக்கு: சோறு, சாம்பார், பொரியல், ரசம். சின்ன வயசிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே கேரியர் அதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே வார்த்தை என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வந்தது. நான் பீட்டா தலசீமியா கேரியர். எனக்கு நோய் எதுவும் இல்லை. 11-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று சரியாக வேலை செய்வதில்லை, அவ்வளவுதான்.

இங்கேயே பிறந்து, இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறேன். முதலாண்டு மாணவர்களுக்கான மரபியல் அறிமுகப் பாடத்தில் ஆய்வக வகுப்பு எடுக்க உதவுகிறேன். ஆனால் இந்த மடலை நான் எழுதுவது, ஏப்ரல் 14 அன்று நம் குழு வெளியிட்ட ஓர் அட்டையைப் பற்றி. ஞாபகம் இருக்கும்: “சாதிக்குள்ளேயே கல்யாணம் பண்ணினால் நோயுள்ள குழந்தைதான் பிறக்கும். அறிவியலே சொல்லுது!” கீழே ஒரு சக்கர நாற்காலிப் படம். நல்லா ஓடுச்சு. நிறைய பேர் பகிர்ந்தாங்க. அதில் இருந்த அறிவியலைப் பார்த்துச் சரி என்று சொன்னது நான்தான்.

அன்று இரவு மதுரையிலிருந்து என் தங்கச்சி ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினாள். “அக்கா, என்னைப் பூச்சாண்டியா காட்டாம சாதி வேணாம்னு சொல்லத் தெரியாதா உங்களுக்கு?”

என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது: தெரியும், தெரிந்திருக்க வேண்டும். சாதிக்கு எதிராக மரபணுவைச் சாட்சிக்குக் கூப்பிடுவதை நாம் நிறுத்த வேண்டும் என்பதுதான் என் கருத்து.

இரட்டைக் கோடு

அவள் என் சித்தப்பா மகள். வயசு 19. தலசீமியா மேஜர். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றும் ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தினமும் மாத்திரை. சித்தப்பா கட்டியது தன் சொந்த அக்கா மகளை. அதாவது என் சித்தி எனக்கு அத்தை மகளும்கூட. ஊரில் யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 28 விழுக்காடு பெண்கள் ரத்த உறவுக்குள்தான் திருமணம் செய்திருக்கிறார்கள்.

முதலாண்டு வகுப்பில் குடும்ப வரைபடம் வரையச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். உறவுக்குள் திருமணம் என்றால் இருவருக்கும் நடுவில் ஒற்றைக் கோட்டுக்குப் பதில் இரட்டைக் கோடு. நோய் இருந்தால் கட்டத்தைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். பிறகு கணக்கு. தாய், தந்தை இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. நாலில் இரண்டு பங்கு கேரியர். நாலில் ஒரு பங்கு எதுவும் இல்லை. மெண்டல் பட்டாணிச் செடியை வைத்து 1865-இல் சொன்ன அதே கணக்கு.

இரட்டைக் கோடு ஏன் முக்கியம்? என் தாத்தா பாட்டியில் ஒருவரிடம் இந்த மாற்றம் ஒரே ஒரு பிரதியாக இருந்திருக்கும். அது சித்தப்பா வழியாக நேராக ஒரு தடவையும், அத்தை வழியாகச் சித்திக்குப் போய் இன்னொரு தடவையும் இறங்கி, ஒரே குழந்தையிடம் வந்து சேர்ந்தது. தாய்மாமன், அக்கா மகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகன், மாமா மகள் திருமணத்தில் அது பதினாறில் ஒரு பங்கு. இதையெல்லாம் நான் கரும்பலகையில் மூச்சு விடாமல் சொல்வேன். அந்தக் கறுப்பு வட்டம் எனக்கு வாய்ஸ் நோட் அனுப்பும் ஒரு ஆள் என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

அட்டையில் எது சரி, எது தப்பு

சரியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதி மரபணுவில் தடம் பதித்திருக்கிறது, அது உண்மை. ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோரின் குழுக்கள் இதில் நிறைய வேலை செய்திருக்கின்றன. 2013-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை துணைக்கண்டத்து மக்கள் பெரிய அளவில் கலந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கதவு சாத்தப்படுகிறது. 2017-இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்த ஆய்வு 260-க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்கள், மரபியல் பாடப்புத்தகங்களில் எப்போதும் உதாரணமாக வரும் பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடச் சிறிய மூதாதையர் கூட்டத்திலிருந்து வந்தவை. ஆந்திர, தெலங்கானாப் பகுதியின் வைசியர் இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். அறுவை சிகிச்சையின்போது கொடுக்கும் ஒருவகைத் தசைத் தளர்வு மருந்து அவர்களில் சிலருக்கு ஆபத்தாகிவிடுகிறது, அந்த மருந்தை உடைக்கும் நொதி அவர்கள் உடம்பில் இல்லாததால்.

அம்பேத்கர் 1916-இல், 25 வயசில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் சாதியின் சாரம் அகமணம்தான் என்றார். டிஎன்ஏ-வின் வடிவம் தெரியவரவே இன்னும் 37 வருஷம் இருந்தது. அவர் சொன்ன சுவரின் நிழலைத்தான் இன்று ஆய்வகம் பார்க்கிறது. ஒன்றைக் கவனிங்க: மரபணு சாதியை உண்டாக்கவில்லை, சாதிதான் மரபணுவில் கோடு போட்டது.

இனி அட்டையின் தப்புகள்.

முதல் தப்பு, இரண்டு விஷயங்களை ஒன்றாகக் குழப்பினோம். உறவுக்குள் திருமணம் வேறு, சாதிக்குள் திருமணம் வேறு. பெரிய சாதிக்குள் தூரத்து ஊரில் பெண் எடுத்தால், பெரும்பாலும் அந்தக் குழந்தைக்குக் கூடுதல் ஆபத்து என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எதுவும் இருக்காது. உறவுக்குள் திருமணத்திலும்கூட “நோயுள்ள குழந்தைதான் பிறக்கும்” என்பது பொய். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்த ஆய்வு 2013-இல் லான்செட்டில் வந்தது. பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு பொதுவாக 3 விழுக்காடு, சொந்த மாமா, அத்தை, சித்தப்பா பிள்ளைகளுக்குள் திருமணம் என்றால் 6 விழுக்காடு. இரட்டிப்பு என்றால் பயமாக இருக்கும். நூற்றில் 94 குழந்தைகளுக்கு எதுவும் இல்லை என்றால்? இரண்டும் ஒரே கணக்குதான். அதே ஆய்வில், 34 வயதைத் தாண்டிய வெள்ளைக்காரத் தாய்மாருக்கும் கிட்டத்தட்ட அதே அளவு ஆபத்துக் கூடியிருந்தது. அவர்களைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் 2024 டிசம்பரில் ஒரு கன்சர்வேடிவ் எம்.பி. அத்தகைய உறவுத் திருமணத்தைத் தடை செய்ய மசோதா கொண்டுவந்தபோது, விவாதம் எந்த மக்களை நோக்கித் திரும்பியது என்று லண்டன் தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் அட்டையின் வாதமும் அதே ஆயுதம்தான். பிடித்திருக்கும் கை மட்டும் வேறு.

இரண்டாவது தப்பு, பழியை யார் தலையில் போட்டோம் என்பது. தலசீமியா மாற்றம் சைப்ரஸ், வளைகுடா, சிந்து, குஜராத் என்று பல இடங்களில் அதிகம். அங்கெல்லாம் மக்கள் தப்பாகக் கல்யாணம் பண்ணினதால் இல்லை. மலேரியா இருந்த இடங்கள் அவை. ஒரு பிரதி மட்டும் உள்ள என்னைப் போன்ற கேரியர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு. அதனால்தான் அந்த மாற்றம் தலைமுறைகளைத் தாண்டி நிலைத்தது. 1949-இல் இதை முன்வைத்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன், கம்யூனிஸ்ட். 1957-இல் இந்தியாவுக்கு வந்து, 1961-இல் இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேஸ்வரில் இறந்தவர். சித்தியைச் சொந்தக்காரங்க பார்க்கும் பார்வையை நான் பார்த்திருக்கிறேன். “உன் ராசி” என்பார்கள். சித்தப்பாவை யாரும் எதுவும் சொன்னதில்லை. ஒரு பிரதி அவரிடமிருந்தும் வந்திருந்தால்தான் நோய் வரும், இது முதலாண்டுப் பாடம். அந்தக் கல்யாணத்தை முடிவு செய்தவர்களையும் யாரும் சொன்னதில்லை. நாலு ஏக்கர் நிலம் வெளியே போகக் கூடாது என்றுதான் அந்தக் கல்யாணம். கொசுவையும் நிலத்தையும் விட்டுவிட்டு நாம் படம் போட்டது ஒரு சக்கர நாற்காலிக்கு.

மூன்றாவது தப்பு அரசியல் தப்பு. இந்த வாதம் ஒரு ரத்தப் பரிசோதனையோடு முடிந்துவிடும். நியூயார்க்கில் 1983-இல் தொடங்கிய தோர் யெஷோரிம் என்ற அமைப்பைப் பாருங்கள். மிகவும் மரபான யூத சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி வயசிலேயே பரிசோதனை செய்து ஓர் எண் கொடுக்கிறார்கள். வரன் பேசும்போது இரண்டு எண்களையும் சொன்னால், பொருந்துமா இல்லையா என்று பதில் வரும். சமூகத்துக்கு வெளியே யாரும் கல்யாணம் பண்ணவில்லை, கொடிய நோயுள்ள பிறப்பு மட்டும் மிகவும் குறைந்தது. இதையே நாளைக்கு நம் சாதி மேட்ரிமோனி தளங்களும் செய்யலாம்: நட்சத்திரம், கோத்திரம், கேரியர் ரிப்போர்ட், மூன்றும் பொருத்தம். அப்போது நம் அட்டை என்ன சொல்லும்? நோய் வராவிட்டால் சாதி சரி என்றா?

நம் பக்கத்து வரலாறு

அறிவியலை அவசரத்துக்கு வளைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வலதுசாரி உதாரணம் நமக்கெல்லாம் தெரியும். பரம்பரை நோய் என்ற பெயரில் ஜெர்மனியில் 1933-இல் வந்த சட்டத்தால் சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. பிறகு அவர்களைப் போன்றவர்களையே கொல்லவும் செய்தார்கள். ஆனால் நம் பக்கத்து உதாரணத்தையும் சொல்ல வேண்டும். சோவியத்தில் லைசென்கோ மெண்டலின் மரபியலையே முதலாளித்துவப் பொய் என்றார், கட்சி அவரை நம்பியது. உலகம் முழுக்க விதை சேகரித்த நிக்கோலாய் வாவிலோவ் 1943-இல் சரட்டோவ் சிறையில் பட்டினியில் செத்தார். ஹால்டேன் போன்ற ஒருவரே அப்போது வாய் திறக்கத் தயங்கினார். நம் அட்டைக்கும் அதற்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பழக்கம் ஒன்றுதான்: முடிவை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் அறிவியலைக் கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்பது.

இதே பழக்கத்தின் இன்னொரு முகம் பெருமை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிட்சப்பனும் ஸ்பென்சர் வெல்ஸும் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் சிலரிடம் எம்130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளத்தைக் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக ஆஸ்திரேலியா வரை போன பழைய பயணத்தின் தடம் அது. எல்லா மனிதரும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவர்கள் என்று சொல்லும் அழகான கண்டுபிடிப்பு. ஆனால் அது ‘முதல் இந்தியன் எங்க சாதி’ என்று மாறி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதை இடங்கள்; ஒய் காட்டுவது அதில் ஒன்றை. மீதி 1,023-ஐப் பற்றி அது எதுவும் சொல்லாது. பாட்டிமார் ஒருத்தரைக்கூடக் காட்டாத சாட்சியை வைத்துக்கொண்டு யார் பூர்வகுடி என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். மரபணுவை வைத்துச் சாதியை உயர்த்துவது தப்பு என்றால், மரபணுவை வைத்து எதிர்ப்பதும் அதே நீதிமன்றத்துக்குப் போவதுதான்.

எது இறங்கியது, எது பறிக்கப்பட்டது

தங்கச்சியும் கராமாவில் பிறந்தவள்தான். துபாயில் தலசீமியாவுக்கென்றே தனி மையம் இருக்கிறது, சிகிச்சை உலகத் தரம். 2020-இல் சித்தப்பாவுக்கு வேலை போனது. வேலையோடு விசா, விசாவோடு இன்சூரன்ஸ். குடும்பமே ஊருக்குக் கிளம்பியது. அவளுடைய மரபணு மாறவில்லை. பாஸ்போர்ட்டும் மாறவில்லை, அதுவும் அப்பாவிடமிருந்து இறங்கியதுதானே. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தாலும் குடியுரிமை ரத்தத்தின் வழியாகத்தான். நம்மில் பாதிப் பேருக்கு இது தெரிந்த கதை. இன்று அவள் உயிரோடு இருப்பது மதுரையில் ஓர் அரசு மருத்துவமனையில் இலவசமாக ஏற்றப்படும் ரத்தத்தால். யாரோ தானம் செய்த ரத்தம். எந்தச் சாதிக்காரர் ரத்தம் என்று எந்தப் பாக்கெட்டிலும் எழுதியிருப்பதில்லை.

ஆக, நான் பரிசோதனைக்கு எதிரி இல்லை. 2025 ஜனவரி முதல் அமீரகக் குடிமக்கள் திருமணத்துக்கு முன் 570 மரபணுக்களுக்கான பரிசோதனையைக் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு கல்யாணம் வேண்டுமா என்பது ஜோடியின் விருப்பம். சைப்ரஸில் 1970-களிலிருந்து இப்படிப் பரிசோதனை நடக்கிறது, கேரியர் என்று தெரிந்த ஜோடிகளில் பெரும்பாலோர் பிரியவில்லை. தெரிந்துகொண்டு முடிவெடுத்தார்கள். அந்தத் தகவல் எனக்கும் வேண்டும். அதைப் பயமாகவோ ஜாதகமாகவோ மாற்றக் கூடாது என்பதுதான் என் பேச்சு. இந்தியாவில் 2023-இல் தொடங்கிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் பழங்குடி இளைஞர்களுக்கு அட்டை கொடுக்கிறார்கள். சத்தான சாப்பாடும் பக்கத்திலேயே ஆஸ்பத்திரியும் கொடுக்காமல் அட்டை மட்டும் கொடுத்தால், அது பெண் பார்க்கும் வீட்டில் கழுத்தில் மாட்டிய பலகையாகிவிடும்.

அதனால் நம் குழுவுக்கு மூன்று முன்மொழிவுகள். ஒன்று, அந்த அட்டையை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்று வெளிப்படையாக எழுதுவோம். அறிவியலுக்குச் சரி சொன்ன ஆள் என்ற முறையில் முதல் மன்னிப்பு என்னுடையது. இரண்டு, கோரிக்கையை மாற்றுவோம்: பரிசோதனை எல்லாருக்கும் இலவசமாக, ரகசியமாக, சிகிச்சை விசாவோடும் வேலையோடும் கட்டப்படாமல். மூன்று, மாதம் ஒரு மாலை மரபியல் வாசிப்பு வட்டம். மெண்டலிலிருந்து தொடங்கலாம், பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவங்களும் வரலாம். எம்130 வாட்ஸ்அப் செய்தி வரும்போது அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருக்கணும்.

சாதி வேண்டாம் என்று சொல்ல நமக்கு வேறு காரணமே இல்லையா? 1936-இல் அம்பேத்கர் எழுதிய ‘சாதி ஒழிப்பு’, ரத்தத் தூய்மை, நல்ல வித்து என்ற வாதங்களை எடுத்து அறிவியல்படியே உடைக்கிறது. ஆனால் தன் வழக்கை அவர் அதன்மேல் கட்டவில்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவத்தின்மேல் கட்டினார். ஒரு பெண் யாரோடு வாழ்வது என்பதை அவள் முடிவு செய்ய விடாததால் சாதி தப்பு. முடிவு செய்த பிள்ளைகளை வெட்டுவதால் தப்பு. எல்லாக் குழந்தையும் ஆரோக்கியமாகப் பிறந்தாலும் அது தப்பு.

கராமா என்ற அரபுச் சொல்லுக்கு மாண்பு, சுயமரியாதை என்று பொருள். இவ்வளவு வருஷம் அந்தப் பெயரை முகவரியாக மட்டுமே எழுதிவந்திருக்கிறேன்.

இதை அனுப்புவதற்கு முன் தங்கச்சிக்குப் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதலாமா என்றும் கேட்டேன். “எழுது. ஆனா பாவம்னு எழுதாதே. வியாழக்கிழமை ரத்தம் ஏத்தணும், வெள்ளிக்கிழமை எனக்கு பரீட்சை, அதையும் எழுது” என்றாள். எழுதிவிட்டேன்.